கிட் வாங்குவதற்கு முன்னால்

ஆர்எக்ஸ் 100 எஞ்சினைப் பிரிக்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, "கிட் வாங்கிட்டியா?" என்பதுதான். பிளாக், பிஸ்டன், ரிங், பின், பேக்கிங் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் வந்துவிடுகிறது. பழையதைக் கழற்று, புதியதை மாட்டு, கிக்கரை உதை. மெக்கானிக் கடைகளிலும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மாலைக்குள் வண்டி வெளியே போயாக வேண்டிய தொழில் அது. ஆனால் கையில் காசு குறைவாகவும் நேரம் கொஞ்சம் கூடுதலாகவும் வைத்துக்கொண்டு முதல் தடவை எஞ்சினைத் திறக்கிறவர்களுக்கு நான் சொல்வது வேறு. உதிரிபாகத்துக்குச் செலவு செய்யும் முன் அளந்து பார்ப்பதற்குச் செலவு செய்யுங்கள். அளந்த பிறகு வாங்க வேண்டியவை பாதியாகக் குறையலாம். அதைவிட முக்கியம், புதிதாகப் போட்ட பிஸ்டன் மறுபடி ஜாம் ஆகாமல் இருக்கும்.

ஏன் இந்த வண்டி என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு பதில். 1985 கடைசியில் எஸ்கார்ட்ஸ் நிறுவனமும் யமஹாவும் சேர்ந்து இந்தியாவில் இறக்கியது, 1996இல் உற்பத்தி நின்றது. 98 சிசி, 11 குதிரைத்திறன், நூறு கிலோவை ஒட்டிய எடை. அந்தக் காலத்து 100 சிசி வண்டிகளில் இப்படி இழுத்தது வேறு எது என்று எங்கள் தெருவில் இன்றும் வாதம் நடக்கிறது. கற்றுக்கொள்பவனுக்கு இதைவிட நல்ல எஞ்சின் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. டூ ஸ்ட்ரோக் என்பதால் ஹெட்டில் வால்வு, கேம், டைமிங் செயின் எதுவும் இல்லை. கியர்பாக்ஸையும் கிளட்சையும் ஒதுக்கிவிட்டால் முக்கியமாக அசைகிற பாகம் என்று பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் மூன்றுதான். ஹெட்டைக் கழற்றினால் போர், அதாவது பிஸ்டன் ஓடும் உருளைச் சுவர், முழுவதும் கண்ணுக்கு எதிரே இருக்கும்.

என்னுடையது எங்கள் தெருவிலேயே மாடிப்படிக்குக் கீழே பல வருஷம் நின்ற வண்டி. சூடானதும் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் எஞ்சின் வேகம் உடனே இறங்காது, தானாகவே கத்திக்கொண்டு நிற்கும். குளிர்ந்த எஞ்சினில் டக் டக் என்று ஒரு தட்டல். "போர் போச்சு, கிட் மாத்திட்டா சரியாயிடும்" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். போர் போனது உண்மைதான். ஆனால் போர் ஏன் போனது?

பழைய ஆர்எக்ஸ் வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் இடைச்செருகல். எஞ்சினின் நிலையைப் பார்க்கும் முன் எஞ்சின் நம்பரைப் பாருங்கள். ஆர்சி புத்தகத்தில் இருப்பதும் எஞ்சின் கேஸில் கொத்தியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அங்கே நம்பரைச் சரிபார்ப்பார்கள். கேஸ் உடைந்த எஞ்சினை மலிவாக வாங்கி, சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் இன்னொரு கேஸ் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்ற கணக்கு அந்த இடத்தில் தப்பாகிவிடும். போரைச் சரிசெய்யலாம், கிராங்கைச் சரிசெய்யலாம், நம்பரை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள் போகும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அந்தக் கலவை அழுத்தப்பட்டு, பக்கவாட்டு வழிகள் மூலம் மேலே ஏறும். அதாவது கிராங்க் கேஸே ஒரு பம்ப். கிராங்கின் இரண்டு முனையிலும் இருக்கிற ஆயில் சீல்கள்தான் அந்தப் பம்பை அடைத்து வைத்திருக்கின்றன. மேக்னெட் பக்கத்து சீல் காய்ந்து வெடித்துவிட்டால், கார்புரேட்டரைக் கேட்காமலே வெளிக்காற்று உள்ளே நுழையும். காற்று கூடுகிறது, பெட்ரோல் அப்படியே இருக்கிறது. சூடு ஏறி, பிஸ்டன் விரிந்து, போரில் உரசுகிறது. கிளட்ச் பக்கத்து சீல் போனால் அறிகுறி வேறு. கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சும், சைலன்சரில் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும், கியர் ஆயில் அளவு காரணமில்லாமல் குறையும். தானாகக் கத்துகிற என் எஞ்சினைப் பார்த்தபோது எனக்குச் சந்தேகம் மேக்னெட் பக்கம்தான். அதனால் ஒரு நட்டைக்கூடக் கழற்றும் முன்பு காற்று பிடித்துப் பார்க்கும் சோதனையைச் செய்தேன்.

இதற்கென்றே விற்கிற கருவியின் விலை நமக்குக் கட்டாது. வீட்டில் பழைய பிபி மிஷின் இருந்தால் போதும். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றேற்றி, வட்ட முள்ளில் அளவு பார்ப்போமே, அதேதான். அந்த முள் 300 வரை போகும். பாதரச அளவில் 300 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழ 6 பிஎஸ்ஐ. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குக் காற்று பிடித்துப் பார்க்க வழக்கமாகக் கொடுக்கும் அழுத்தமும் ஏறத்தாழ அதுதான்! இரண்டும் இப்படிப் பொருந்தி வந்ததைக் கண்டுகொண்ட அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

செய்முறை இதுதான். சைலன்சரைக் கழற்றி, அந்த வாயில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து, ஒரு தகட்டை அதே ஸ்டட்களில் முடுக்கி அடைத்தேன். கார்புரேட்டரை எடுத்துவிட்டு அந்த ரப்பர் வாயில் ஒரு ரப்பர் கார்க். கார்க்கின் நடுவில் துளை போட்டு பிபி மிஷினின் குழாயைச் செருகினேன். பிளக் அதன் இடத்தில் முடுக்கியபடியே இருக்கட்டும். ஆயில் பம்பிலிருந்து வரும் சின்னக் குழாயையும் கழற்றி அந்த வாயை அடைத்துவிட வேண்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி வைத்தால் மேலும் கீழும் ஒரே அறையாகிவிடும். பிறகு மெதுவாகப் பந்தை அமுக்கி 300க்குக் கொண்டுவந்து நிறுத்தி, முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல எஞ்சின் ஐந்தாறு நிமிஷமாவது தாக்குப்பிடிக்கும். என் எஞ்சினில் நான் கையை எடுத்ததும் முள் சரசரவென்று இறங்கியது. சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போனால் நுரை எங்கே பொங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. மேக்னெட் மூடியைத் திறந்தேன், கிராங்க் முனையைச் சுற்றி நுரை பூத்தது. கிளட்ச் பக்கம் ஓட்டை இருந்தால் கியர் ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து வைத்துப் பார்க்கலாம், காற்று அங்கே குமிழி விடும்.

சீல் ஒன்றின் விலை நூறு ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். அந்த நூறு ரூபாய் சாமானைக் கவனிக்காமல் பல ஆயிரத்துக்குப் புது கிட் போட்டிருந்தால் அந்தப் பிஸ்டனும் கொஞ்ச நாளில் இதே வழியில்தான் போயிருக்கும். "கிட் சரியில்லை" என்று சொல்லி இன்னொரு கிட் வாங்கப் போயிருப்பார்கள். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி பணத்தைத் தின்கிறது என்ற பேர் இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பிரிக்கிற வேலையைப் பற்றி நீட்ட வேண்டாம். ஹெட் நட்டுகளை ஒரே தடவையில் கழற்றாமல் எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துங்கள். பிளாக்கை மேலே தூக்கும்போதே கேஸின் வாயில் சுத்தமான துணியைத் திணித்துவிடுங்கள். பிஸ்டன் பின்னைப் பிடித்து வைத்திருக்கும் சர்க்ளிப் துள்ளி உள்ளே விழுந்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டி வரும். மேக்னெட்டைக் கழற்ற அதற்குரிய புல்லர் இருக்கிறது, ஸ்பேர் கடையில் மலிவாகவே கிடைக்கும். சுத்தியலைத் தொடவே வேண்டாம்.

பிஸ்டன் வெளியே வந்ததும் அதைக் கழுவாமல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். என் பிஸ்டனில் சைலன்சர் பக்கம் செங்குத்தாகக் கீறல்கள், ரிங்குக்குக் கீழே பழுப்பேறிய கறை. முதலாவது சூட்டில் உரசியதன் தடயம். இரண்டாவது, ரிங் சரியாக அடைக்காமல் எரிந்த வாயு கீழே இறங்கியதன் தடயம். பிஸ்டன் தலையில் கார்பனைச் சுரண்டினால் ஓர் எண் தெரியும். என்னுடையதில் 0.50 என்று இருந்தது. இந்த எஞ்சினின் போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக்கும் 50 மி.மீ.தான். 0.25, 0.50, 0.75, 1.00 என்று நாலு ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைக்கும். ஆக, யாரோ முன்பே ரீபோர் செய்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு படி பாக்கி இருக்கிறது. பிளாக்கைத் தூக்கிப் போட வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த கேள்வி, போர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது. போர் டயல் கேஜ் என் வசதிக்கு எட்டாது. டிஜிட்டல் வெர்னியர் இந்த வேலைக்கு ஆகாது. அதன் உள்தாடை வளைந்த சுவரில் நேராக உட்காராது, நாம் தேடும் அளவோ அந்தக் கருவியின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். இருநூறு ரூபாய் ஃபில்லர் கேஜ் ஒன்றே போதும் என்பதுதான் நான் கற்றுக்கொண்டதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ரிங் ஒன்றை எடுத்துப் போரின் அடிப்பகுதியில், சுவரில் உள்ள வாயு வழி ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் கீழே, தேய்மானம் குறைவான இடத்தில் வையுங்கள். பிஸ்டனால் தள்ளினால் கோணாமல் நேராக உட்காரும். ரிங்கின் இரண்டு முனைக்கும் இடையில் உள்ள இடைவெளியை ஃபில்லர் கேஜால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே ரிங்கை மேலே, சைலன்சர் வாய்க்குச் சற்று மேலே வைத்து அளக்க வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் அதிகம் தேய்வது அந்த இடம்தான். எனக்குக் கீழே 0.45 மி.மீ., மேலே 0.67. வித்தியாசம் 0.22. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப்போல 3.14 மடங்கு என்று எட்டாம் வகுப்பில் படித்தது இங்கே கைகொடுக்கிறது. விட்டம் கொஞ்சம் கூடினால் ரிங் இடைவெளி அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலாகக் கூடிக் காட்டும். 0.22ஐ 3.14ஆல் வகுத்தால் 0.07. போர் மேலே அந்த அளவுக்கு அகன்றிருக்கிறது. கண்ணால் பார்த்தாலோ விரலால் தடவினாலோ தெரியாத ஒன்றை ரிங் மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டிவிடுகிறது. பின்னால் லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்துப் பார்த்தபோது கீழே 50.55, மேலே 50.62 என்று வந்தது. சந்தோஷத்தில் நான் சிரித்ததைப் பார்த்து மாஸ்டர், "என்ன தம்பி, லாட்டரியா?" என்று கேட்டார். நான் கணக்கைச் சொன்னேன். பக்கத்தில் இருந்த பையனைக் கூப்பிட்டு, "கேட்டுக்கடா இதை" என்றார்.

கனெக்டிங் ராடைப் பார்ப்பது சுலபம், ஆனால் செலவு விஷயத்தில் மிகப்பெரிய தீர்ப்பு அதில்தான் இருக்கிறது. கிராங்கை மேல்முனையில் நிறுத்தி, ராடை இரண்டு கையாலும் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். ஆட்டமே இருக்கக்கூடாது. துளி டொக் என்றாலும் கீழ் பேரிங் போய்விட்டது. கேஸை இரண்டாகப் பிளந்து, கிராங்கை பிரஸ்ஸில் பிரித்து, புது ராட் போட்டு, டயல் கேஜ் வைத்து நேராக்க வேண்டும். அது வீட்டில் நடக்கிற வேலை கிடையாது. பக்கவாட்டில் ராடின் மேல்முனை ஆடுவது இயல்பு. புதிதில் 0.8 முதல் 1 மி.மீ. வரை ஆடும், 2 மி.மீ. தாண்டினால்தான் மாற்ற வேண்டும். நிறையப் பேர் இந்தப் பக்க ஆட்டத்தைப் பார்த்து மிரண்டு நல்ல கிராங்கைப் பிரிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். என்னுடைய ராட் மேல்கீழ் அசையவே இல்லை. மேல் பக்கத்து ஊசி பேரிங்கை மட்டும் மாற்றினேன்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குக் கிளம்பினேன். கையில் சீட்டு இருந்தது. 0.75 பிஸ்டன், ரிங், பின், சர்க்ளிப், ஊசி பேரிங், இரண்டு பக்கத்துக்கும் ஆயில் சீல், மேல் பேக்கிங் செட். "கிட்டாவே எடுத்துக்கோங்க சார்" என்று கடைக்காரர் சொன்னார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இப்போது காரணம் இருந்தது. என் பிளாக் யமஹாவோடு வந்த பழைய பிளாக். அதன் வார்ப்பும் உள்ளே வாயு ஏறும் வழிகளின் வடிவமும் சரியாக இருக்கிறது. விலை மலிவான பிளாக்குகளில் அந்த வழிகளைத் தொட்டுப் பார்த்தால் மணல் வார்ப்பின் சொரசொரப்பு அப்படியே இருக்கும். முப்பது வருஷம் சூடாகி ஆறிப் பழகிய நல்ல வார்ப்பை மலிவு விலைப் புதுசுக்காக விட்டுக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

லேத் மாஸ்டர் முதலில் பார்த்தது என் கையில் பிஸ்டன் இருக்கிறதா என்றுதான். "பிஸ்டன் கொண்டாந்திருக்கியா? அப்ப உட்காரு" என்றார். பெட்டியில் எழுதியிருக்கிற சைஸை நம்பிப் போர் அடிக்கிற இடத்தில் வேலை கொடுக்காதீர்கள். நல்ல பட்டறையில் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் பிடித்து, அடிவிளிம்புக்குச் சற்று மேலே, பின் போகும் திசைக்குக் குறுக்கே அளப்பார்கள். என் பிஸ்டன் 50.71 வந்தது. அதோடு 0.035 சேர்த்து 50.745 என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்தார். தலைமுடியின் பருமன்கூட வராத இடைவெளி. அதைக் குறைத்தால் ஜாம், கூட்டினால் மறுபடி தட்டல்.

அவரிடம் நான் வாய்விட்டுக் கேட்ட ஒரே வேலை, போர் அடித்த பிறகு ஓட்டைகளின் விளிம்பை லேசாக உடைத்துவிட வேண்டும் என்பது. கட்டர் போன பிறகு அந்த விளிம்புகள் கத்தி மாதிரி நிற்கும். அந்த வாசலைக் கடக்கும்போது ரிங் வெளியே பிதுங்கி விளிம்பில் மாட்டினால் எல்லாம் முடிந்தது. "அது செய்யாம அனுப்புவேனா" என்று அவர் சொன்னாலும் நான் நின்று பார்த்தேன். சின்ன அரத்தால் ஒவ்வொரு வாசலையும் தடவி எடுத்தார். பிறகு ஹோனிங் கல் மேலும் கீழும் போய்ப் போர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்தன. ஆயில் தங்கி நிற்கிற இடம் அந்தக் கோடுகள்தான். கூலி ஐந்நூறு ரூபாய்க்குள். ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன், வாங்கமாட்டேன் என்றார், டீயாக வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் செய்ய வேண்டியதைப் பட்டறைகளில் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. போரை சோப்புத் தூளும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலில் கழுவினால் ஆயில்தான் போகும், ஹோனிங் கல்லின் தூள் கோடுகளுக்குள் அப்படியே தங்கிவிடும். அந்தத் தூள் புது ரிங்கை அரைக்கிற உப்புத்தாள்தான். கழுவித் துடைத்த பிறகு வெள்ளை பனியன் துணியில் டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குரிய டூடி ஆயில் தொட்டுத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவ வேண்டும். வெள்ளையாகவே வருகிற வரை விடக்கூடாது. உடனே ஆயில் பூசிவிடுங்கள், வார்ப்பிரும்புச் சுவர் ஈரத்தில் கண்ணெதிரே துருப்பிடிக்கும்.

மாட்டும்போது மூன்று விஷயம். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். ரிங் பள்ளத்துக்குள் சின்னதாக ஒரு முளை இருக்கும், ரிங்கின் இரண்டு முனையும் அந்த முளையை அணைத்தபடி உட்கார வேண்டும். ரிங்கில் எழுத்து இருக்கிற பக்கம் மேலே. சர்க்ளிப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பழையதைப் போடாதீர்கள். புதியதைப் போட்ட பிறகு அது பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். புது ரிங்கின் இடைவெளியையும் மாட்டும் முன் அளந்துவிடுங்கள். 0.15க்குக் குறைவாக இருந்தால் சூட்டில் முனைகள் முட்டிக்கொள்ளும், அரத்தால் துளி எடுக்க வேண்டும்.

எல்லாம் பூட்டியதும் மறுபடி பிபி மிஷின். இந்தத் தடவை முள் 300இல் அப்படியே நின்றது. எஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே அது நன்றாக ஓடும் என்று தெரிந்துவிடுவது எவ்வளவு பெரிய நிம்மதி!

கருவிகளையும் சேர்த்து மொத்தச் செலவு 5,000 ரூபாயைத் தாண்டவில்லை. சில்வர் பெயிண்ட், குரோம், சத்தம் போடுகிற சைலன்சர், போர்ட்டைக் குடைந்து வேகம் கூட்டுவது இவை எதையும் தொடவில்லை. கிக்கர் ஷாஃப்ட்டின் பல் தேய்ந்திருந்ததால் புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் ஒன்றை எடுத்தேன். தேய்மானத்தைக் கண்ணால் பார்க்க முடிகிற பாகம் என்றால் பழையது வாங்கலாம். சீல், பேரிங், சர்க்ளிப் மூன்றையும் பழையதில் தேடவே கூடாது.

ஆயில் பம்ப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வண்டியில் டூடி ஆயிலுக்குத் தனி டேங்க், பம்ப் தானாக எஞ்சினுக்கு அனுப்பும். பிரித்துப் பூட்டியதில் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். பம்பில் இருக்கிற சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வருகிற வரை விட்டு மூடுங்கள். அப்படியும் முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி ஆயிலைத் தனியாகக் கலந்தேன். புகை அதிகம் வரும், அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பம்ப் போன வண்டி என்று பயந்து அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். பம்ப் வேலை செய்கிற வண்டியில் அதைச் செய்யாதீர்கள். ஆக்ஸிலரேட்டர் திருகுவதற்கு ஏற்ப ஆயிலைக் கூட்டிக் குறைக்கிற அருமையான அமைப்பு அது.

முதல் 500 கிலோமீட்டர் வரை ஐம்பதைத் தாண்டவில்லை. ஒரே வேகத்தில் நீண்ட நேரம் பிடித்து ஓட்டவும் இல்லை. நன்றாகச் சூடாக விட்டு, முழுதாக ஆறவிட்டு, மறுபடி எடுப்பேன். எஞ்சின் ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை ஒருமுறை சரிபார்த்தேன், கொஞ்சம் இடம் கொடுத்திருந்தன. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் காபிப்பொடி நிறம். வெளுத்திருந்தால் எங்கோ காற்று புகுகிறது என்று அர்த்தம், வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

காற்றுச் சோதனைக்கு வெட்டிய தகடும் கார்க்கும் என்னிடம் அப்படியே இருக்கின்றன, ஆர்எக்ஸ் 100க்குச் சரியாகப் பொருந்தும். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் யாராவது எஞ்சினைத் திறக்கப் போவதாக இருந்தால், கிட் வாங்கக் கிளம்பும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிபி மிஷினோடு சேர்த்தே கொடுத்தனுப்புகிறேன்.